மலை உச்சியில் ஒரு பொதுக் கிணறு!

2024ஆம் ஆண்டு ஜூலை 30ந் தேதி.

கேரள மாநிலம் வயநாடு மாவட்டத்தில், பொழுது விடியும் முன்பே மலை சரிந்தது. முண்டக்கை, சூரல்மலை என்ற ஊர்களை வெள்ளமும் சேறும் பாறையும் மூடின. தூங்கியவர்கள் தூங்கியபடியே போனார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

ஊரை இணைத்த பாலம் போய்விட்டது. மின்சாரம் நின்றது. செல்போன் தொடர்பு தடுமாறியது.

ராணுவம் வந்தது. 190 அடி நீளத்துக்கு இரும்புப் பாலம் போட்டது. அதைப் படம் பிடித்துப் பத்திரிகைகள் எல்லாம் வெளியிட்டன. நாடே பார்த்துப் பாராட்டியது.

ஆனால், அதே இடத்தில் இன்னொரு பாலமும் இருந்தது. அது கண்ணுக்குத் தெரியாத பாலம். குரலால் கட்டிய பாலம்!

மாவட்டத் தலைநகரான கல்பெட்டாவில், கலெக்டர் அலுவலகத்தின் கீழ்த் தளத்தில் சிலர் ரேடியோக் கருவிகளுடன் உட்கார்ந்தார்கள். அவர்கள் போலீஸார் அல்ல. பட்டாளத்துக்காரர்கள் அல்ல. அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குபவர்களும் அல்ல. பேரிடர் நடந்த இடத்தில் இருந்த தங்கள் தோழர்களுடன் அவர்கள் பேசினார்கள். அங்கே என்ன தேவை என்பதை இங்கே அதிகாரிகளிடம் சொன்னார்கள்.

நடுவிலோ மலைகள். கைக்கருவியின் குரல் மலையைத் துளைத்துப் போகாது. பிறகு எப்படிப் பேசினார்கள்?

அம்பலவயல் அருகே பொன்முடிக்கோட்டை என்ற உயரமான இடம் இருக்கிறது. சுல்தான் பத்தேரியைச் சேர்ந்த ரேடியோ ஆர்வலர் சங்கம் அங்கே ஒரு கருவி வைத்திருந்தது. அந்தக் கருவி இவர் குரலை வாங்கி, அவருக்குக் கொடுத்தது. அவர் குரலை வாங்கி, இவருக்குக் கொடுத்தது.

அந்தக் கருவியின் பெயர் ‘ரிப்பீட்டர்’.

அது எப்படி வேலை செய்கிறது? அதற்கு என்ன சட்டம்? அந்தச் சட்டம் எப்படி இருந்தால் நாட்டுக்கு நல்லது? இதை எல்லாம் ஏதோ படித்த சிலருடைய விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது. ஆபத்துக் காலத்தில் இது நம் வீட்டு விஷயம்.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பேசும் வாய்க்குக் கடிவாளம் இருக்கட்டும். கட்டும் கைக்கு விலங்கு வேண்டாம்!

யார் இந்த ஹாம்கள்?

இந்த ரேடியோ ஆர்வலர்களை உலகம் முழுவதும் ‘ஹாம்’ என்று அழைக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் அவர்களுக்கு ‘அமெச்சூர்’ என்று பெயர்.

அமெச்சூர் என்றால் கற்றுக்குட்டி என்று நினைக்க வேண்டாம். காசுக்காக அல்லாமல், ஆசைக்காகச் செய்பவர் என்று பொருள்.

ஹாம்களில் டாக்டர் உண்டு, கடைக்காரர் உண்டு, பள்ளிக்கூடத்துப் பையனும் உண்டு. நம் நாட்டின் பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான்.

ஒவ்வொரு ஹாமுக்கும் சர்க்கார் ஓர் அடையாளப் பெயர் கொடுக்கிறது. எழுத்தும் எண்ணும் கலந்த பெயர் அது. நம் நாட்டு ஹாம்களின் பெயர் பெரும்பாலும் ‘வி.யு.’ என்று தொடங்கும். உலகத்தில் ஒருவருக்கு இருக்கும் பெயர் இன்னொருவருக்கு இராது. பேசும்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேச வேண்டும். முகமூடி போட்டுக்கொண்டு பேச இங்கே இடம் இல்லை.

மலை மறைக்கும், மலையே உதவும்

இவர்கள் கையில் வைத்திருக்கும் சிறு கருவியின் சக்தி சுமார் 5 வாட். ஒரு சின்ன இரவு விளக்கு எரியும் சக்திதான்!

அதிலிருந்து கிளம்பும் அலை நொடிக்குச் சுமார் 14½ கோடி முறை துடிக்கிறது. இதை 145 மெகாஹெர்ட்ஸ் என்கிறார்கள். இந்த அலை, வெளிச்சம் போல ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். மலை வந்தால் நின்றுவிடும். பூமி உருண்டை அல்லவா? ஆகவே தூரம் போகப் போக, பூமியின் வளைவே தடையாகிவிடும்.

சமவெளியில் நிற்கும் இருவர் இந்தக் கருவியில் பேசினால், மிஞ்சிப் போனால் 10 கிலோமீட்டர் எட்டும். கட்டடங்கள் நிறைந்த நகரத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டரே பெரிய காரியம்.

ஆனால் 2,000 மீட்டர் உயர மலையில் ஏறி நின்றால்?

அங்கிருந்து சுமார் 180 கிலோமீட்டர் தூரம் வரை அலை போகலாம் என்று கணக்குச் சொல்கிறது. கொடைக்கானல் ஏறக்குறைய அந்த உயரந்தான். கருவி அதே கருவி. சக்தி அதே சக்தி. உயரம் செய்யும் மாயம் அது!

ஒரு மலை. அதன் கிழக்கே ஓர் ஊர். மேற்கே ஓர் ஊர். இந்த ஊர்க்காரன் கூப்பிட்டால் அந்த ஊர்க்காரனுக்குக் கேட்காது. ஆனால் உச்சியில் ஒருவன் உட்கார்ந்திருந்தால் இரண்டு பேர் சொல்வதும் அவனுக்குக் கேட்கும். இவன் சொன்னதை அவனுக்குக் கூவுவான். அவன் சொன்னதை இவனுக்குக் கூவுவான்.

நடுவில் நின்று மறைத்த மலையே, இப்போது நடுவில் நின்று உதவுகிறது!

உச்சியில் இருக்கும் அந்த ஆள்தான் ரிப்பீட்டர். அவனுக்குத் தூக்கம் இல்லை. சோறு வேண்டாம். ஒரு பாட்டரியும், அதற்குச் சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் ஒரு பலகையும் போதும்.

தன் குரல் தன் காதை அடைக்கும்

இதில் ஒரு சங்கடம் உண்டு.

உரக்கக் கத்திக் கொண்டே, பக்கத்தில் ஒருவர் மெதுவாகச் சொல்வதைக் கேட்க முடியுமா? முடியாது. ரிப்பீட்டருக்கும் அதே கஷ்டந்தான். அது கேட்பதும் பேசுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

தொலைவிலிருந்து வரும் குரல் அதன் காதை அடையும்போது எவ்வளவு மெலிந்திருக்கும், தெரியுமா? ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கை எடுங்கள். அதற்கும் குறைவாக இருக்கும்! அதே சமயம் அதன் வாயோ 25 வாட், 50 வாட் என்று முழங்கிக் கொண்டிருக்கும்.

ஆகவே அது கேட்பது ஓர் அலைவரிசையில்; பேசுவது வேறு அலைவரிசையில். உதாரணமாக, 145.0 மெகாஹெர்ட்ஸில் கேட்கும், 145.6 மெகாஹெர்ட்ஸில் பேசும். இந்த 0.6 வித்தியாசம் பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. அது போதாது என்று, உயரமான உலோக உருளைகளையும் நடுவில் வைக்கிறார்கள். அந்த அமைப்புக்கு ‘டூப்ளெக்சர்’ என்று பெயர். வாயின் சத்தம் காதுக்குள் புகாதபடி அது சல்லடை போல வடிகட்டுகிறது. ஒரே ஏரியலைக் கொண்டு கேட்கவும் பேசவும் முடிவது இதனால்தான்.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஹாமின் கருவி, பேச்சோடு மெல்லிய ஒரு தொனியையும் சேர்த்து அனுப்பும். கேட்பவர் காதுக்கு அது எட்டாது. ரிப்பீட்டருக்கு மட்டும் எட்டும். தொனி சரியாக இருந்தால்தான் அது வாய் திறக்கும். கதவைத் தட்டும் முறை தெரிந்தவனுக்கே கதவு திறப்பது போல!

இடி, மின்னல், பக்கத்து எந்திரங்கள் எழுப்பும் இரைச்சலை எல்லாம் கேட்டு, ரிப்பீட்டர் வீணாக உளறக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இது ரகசியம் காக்கும் பூட்டு அல்ல. பேச்சை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

கிணற்றடி ஒழுங்கு

ரிப்பீட்டர் என்பது ஊர்ப் பொதுக் கிணறு. ஆனால் அதில் ஒரே ஒரு வாளி!

ஒருவர் பேசும்போது மற்றவர் சும்மா இருக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? வலுத்த குரல் மெலிந்த குரலை விழுங்கிவிடும். அல்லது இரண்டும் மோதி வெறும் கிறீச்சொலிதான் கேட்கும்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். நகரத்தில் ஒருவர் மாடியில் பெரிய ஏரியல் வைத்து, நண்பரோடு ஊர்க்கதை பேசுகிறார். எங்கோ பள்ளத்தாக்கில், சேற்றில் நிற்கும் ஒருவர் கைக்கருவியில் ‘இங்கே நாலு பேர் சிக்கியிருக்கிறார்கள்’ என்கிறார். கதை மலைக்கு எட்டும். கதறல் எட்டாது!

அதனால் ஹாம்கள் தங்களுக்குள் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள்.

பேசுமுன் கேள். ஒருவர் முடித்ததும் உடனே பாயாதே, சற்றுப் பொறு. அந்த இடைவெளியில் அவசரக்காரர் யாராவது நுழையட்டும். ‘அவசரம்’ என்று ஒரு குரல் வந்தால், மற்ற எல்லாரும் வாய் மூட வேண்டும்.

இதற்கு உதவியாக, எந்திரத்திலேயே ஒரு கடிகாரமும் வைக்கிறார்கள். ஒருவர் பொத்தானை விடாமல் பேசிக்கொண்டே இருந்தால், சில நிமிடங்களில் ரிப்பீட்டர் தானாகவே பேச்சை வெட்டிவிடும். பெரும்பாலும் மூன்று நிமிடந்தான் கணக்கு. நம்முடைய பொதுக் கூட்ட மேடைகளுக்கும் இப்படி ஒரு கருவி இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது அல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது?

கிணற்றடி ஒழுங்கு மட்டும் போதுமா? போதாது. ஆகாயம் பொதுச் சொத்து. விமானம், கப்பல், போலீஸ், ராணுவம், செல்போன் எல்லாம் அலைகளை நம்பி இருக்கின்றன. ஆளுக்கு ஒரு பக்கம் பேசினால் ஆபத்து. ஆகவே சட்டம் வேண்டியதுதான்.

நம் நாட்டில் ஹாம் ஆக வேண்டுமானால் மத்திய சர்க்காரிடம் உரிமம் பெற வேண்டும். அதற்குத் தேர்வு உண்டு. ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்று கேட்பார்கள்; சட்ட விதிகள் தெரியுமா என்றும் கேட்பார்கள். மேல் வகுப்பு உரிமத்துக்கு மோர்ஸ் சங்கேதமும் தெரிய வேண்டும். 12 வயது நிரம்பிய சிறுவரும் தேர்வு எழுதலாம். அமெச்சூர் நிலையங்களுக்காக 1978ல் தனி விதிகளையே வகுத்தார்கள்.

ஹாம் வியாபாரம் பேசக் கூடாது. பாட்டு ஒலிபரப்பக் கூடாது. அர்த்தத்தை மறைக்கும் ரகசிய மொழியில் பேசக் கூடாது. இந்தக் கடைசி விதி நம் நாட்டு விதி மட்டும் அல்ல. உலக நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட ரேடியோ ஒப்பந்த விதி.

அந்த ஒப்பந்தத்தை 2003ஆம் ஆண்டு ஜெனீவா நகரில் கூடித் திருத்தினார்கள். பேரிடர்க் காலத்தில் உதவுவதற்கு அமெச்சூர்கள் முன்கூட்டியே தயாராக நாடுகள் வழி செய்ய வேண்டும் என்று அப்போது சேர்த்தார்கள். கவனியுங்கள்: ‘முன்கூட்டியே’!

ரிப்பீட்டர் வைக்க, ஒருவருடைய சொந்த உரிமம் மட்டும் போதாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். காரணம் இருக்கிறது. ஹாமின் கருவியை ஹாம் இயக்குகிறார். ரிப்பீட்டரோ மலை மேல் தன்னந்தனியாக நிற்கிறது. அதற்குப் புத்தி இல்லை. நல்லதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லும். கெட்டதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லும். கிளிப்பிள்ளை!

கிளி வசை பேசினால் குற்றம் கிளியுடையதா? வளர்த்தவருடையதா? கற்றுக் கொடுத்தவருடையதா?

அமெரிக்கா சொல்லும் பதில்

இந்தக் கேள்விக்கு அமெரிக்கச் சட்டம் தெளிவாகப் பதில் சொல்கிறது.

ரிப்பீட்டர் வழியாக யாராவது விதி மீறிப் பேசி, அது தன்னை அறியாமல் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டால், ரிப்பீட்டரை இயக்கும் பொறுப்பாளர் மேல் குற்றம் இல்லை. பேசியவர்தான் பொறுப்பு. ஆனால் ரிப்பீட்டரைக் கவனிக்க ஒருவர் இருக்க வேண்டும். தேவையானால் தொலைவில் இருந்தே அதை நிறுத்த வழி இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது ரிப்பீட்டர் தன் அடையாளப் பெயரைச் சொல்ல வேண்டும்.

சரி, இரண்டு ரிப்பீட்டர்கள் ஒன்றுக்கு ஒன்று இடைஞ்சல் செய்தால்?

அங்கே ஹாம்கள் தங்களுக்குள் சிலரை ஒருங்கிணைப்பாளராக ஏற்றுக்கொள்கிறார்கள். எந்த மலைக்கு எந்த அலைவரிசை என்று அவர்கள் யோசனை சொல்கிறார்கள். அவர்களைக் கேட்டு அமைத்த ரிப்பீட்டரும், கேட்காமல் அமைத்த ரிப்பீட்டரும் மோதினால், இடைஞ்சலைத் தீர்க்க வேண்டிய முதல் பொறுப்பு கேட்காமல் அமைத்தவருடையது. வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதைப் போலத்தான் இதுவும். ஊரே முறை வைத்துக்கொள்கிறது. சர்க்கார் அந்த முறையை மதிக்கிறது.

இந்த நிலைக்கு அமெரிக்கா ஒரே நாளில் வரவில்லை. 1972ல் அங்கே ரிப்பீட்டர்களுக்குக் கடுமையான விதிகள் போட்டார்கள். தனி உரிமம், தனி அடையாளப் பெயர், வரைபடம், விளக்கம் என்று ஒரு கட்டுக் காகிதம். அனுபவத்தில் பார்த்தார்கள். காகிதம் பெருகியதே தவிர ஒழுங்கு பெருகவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தளர்த்தி விட்டார்கள்.

ஆகாயம் இடிந்து விழுந்ததா? இல்லை. இன்று அந்த நாட்டில் ஆயிரக்கணக்கான ரிப்பீட்டர்கள் இயங்குகின்றன.

நம் நாட்டு நிலை வேறு. நம் எல்லைகளில் உள்ள ஆபத்து வேறு. அமெரிக்கச் சட்டத்தை அப்படியே கொண்டுவா என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதில் உள்ள நியாயத்தை எடுத்துக்கொள்ளலாம். பேசியவனைப் பிடி, கட்டியவனை வாட்டாதே!

‘செல்போன்தான் இருக்கிறதே!’

‘ஆளுக்கு ஒரு செல்போன் இருக்கும் காலத்தில் இது எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம்.

செல்போன் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் பாட்டரி சில மணி நேரம் ஓடும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். வெள்ளத்தில் டீசல் யார் கொண்டு போவார்கள்? பூமிக்கு அடியில் ஓடும் கம்பி அறுந்தாலும் கோபுரம் ஊமைதான். 2015 டிசம்பரில் சென்னை மக்கள் இதை அனுபவித்தார்கள். கையில் போன் இருந்தது. கூப்பிட வழி இல்லை!

2004 டிசம்பர் 26ந் தேதி சுனாமி வந்தபோது, அந்தமானில் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி இருந்தார். அவர் ஒரு ஹாம். உலக ஹாம்களோடு பேசுவதற்காக, ஒரு குழுவோடு அங்கே போயிருந்தார். போன பொழுதுபோக்குப் பயணம், சேவைப் பயணமாக மாறியது. தீவுகளில் இருந்தவர்களின் செய்தியை அவர்கள் ரேடியோ வழியாகத் தாய்நாட்டுக்குச் சொன்னார்கள். கடல் கடந்து நெடுந்தூரம் பேச அவர்களுக்கு உதவியது சிற்றலை. ஒரு மாவட்டத்துக்குள், ஒரு நகரத்துக்குள் பேச உதவுவது ரிப்பீட்டர். இரண்டும் அண்ணன் தம்பிகள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. செல்போனில் ஒருவர் ஒருவரிடம் பேசுகிறார். ரிப்பீட்டரில் ஒருவர் எல்லாரிடமும் பேசுகிறார். ‘இந்தத் தெருவுக்குப் படகு வேண்டும்’ என்று ஒரு முறை சொன்னால் போதும். கலெக்டர் அலுவலகத்தில் இருப்பவருக்கும் கேட்கும்; ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கும் கேட்கும்; படகோடு நிற்பவருக்கும் கேட்கும். பத்துப் பேருக்குப் பத்து முறை போன் செய்ய வேண்டாம்.

ரிப்பீட்டரும் சாகாவரம் பெற்றது அல்ல. இடி விழலாம், புயலில் ஏரியல் முறியலாம். ஆகவே கவனிப்பு வேண்டும். கவனிக்க ஆள் வேண்டும். ஆளை உற்சாகப்படுத்தச் சட்டம் வேண்டும்.

‘கெட்டவன் கையில் போனால்?’

இது நியாயமான கேள்வி. இதைச் சிரித்துத் தள்ளக் கூடாது.

இன்று வாக்கி டாக்கிகள் இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. உரிமம் வேண்டுமா, வேண்டாமா என்பதைக் கூடச் சொல்லாமல் விற்றவர்கள் உண்டு. 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படிப்பட்ட கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. நல்ல காரியம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ரகசியம் பேச நினைப்பவன் பொதுக் கிணற்றடிக்கு வர மாட்டான். ரிப்பீட்டரில் பேசினால் நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் ஹாம்களுக்கு எல்லாம் கேட்கும். பெயர் சொல்லாமல் ஒருவன் பேசினால், ‘யார் இவன்?’ என்று அத்தனை காதுகளும் விடைக்கும்.

அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது ஹாம்களுக்கு ஒரு விளையாட்டு. அதற்கு ‘நரி வேட்டை’ என்று பெயர். ஒருவர் கருவியோடு எங்காவது ஒளிந்து கொள்வார். மற்றவர்கள் திசை காட்டும் ஏரியலைச் சுழற்றிச் சுழற்றி அவரைப் பிடிப்பார்கள். விளையாட்டில் பழகிய கை, காரியத்துக்கும் உதவும் அல்லவா? உரிமம் பெற்ற ஹாம் போலீஸுக்குப் பாரம் அல்ல, துணை!

வானத்தில் ஒரு ரிப்பீட்டர்

நம் நாடு இந்த ஆர்வலர்களை மதித்த கதையும் உண்டு.

மலையை விட உயரம் எது? வானம்! 2005 மே 5ந் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ராக்கெட், ‘ஹாம்சாட்’ என்ற சின்னச் செயற்கைக்கோளையும் ஏற்றிச் சென்றது. அதன் எடை 42½ கிலோ. அதன் வேலை, பூமியிலிருந்து ஹாம்கள் அனுப்பும் குரலை வாங்கி, வேறு அலையில் திருப்பி அனுப்புவது.

அதற்குள் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று நம்மவர்கள் செய்தது. மற்றொன்று ஹாலந்து நாட்டைச் சேர்ந்த ஒரு பொறியியல் மாணவர் செய்தது! ஒரு மாணவனின் கைவேலையை நம் இஸ்ரோ நம்பி வானத்தில் ஏற்றியது.

இரண்டு ஆண்டு உழைத்தால் போதும் என்று அனுப்பிய அந்தக் கோள், 2014 ஜூலை வரை உழைத்தது. ஒன்பது ஆண்டுகள்!

வானத்தில் அனுமதி கொடுத்த நாடு, பக்கத்து மலையில் அனுமதி கொடுக்கத் தயங்கலாமா?

செய்ய வேண்டியது என்ன?

உரிமத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு மாதக் கணக்கில் காத்திருந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. காத்துக் காத்து ஆசை ஆறிப்போனவர்களும் உண்டு. 1885லும் 1933லும் வெள்ளைக்காரன் போட்ட தந்தி, ரேடியோச் சட்டங்களுக்குப் பதிலாக 2023ல் நம் நாடாளுமன்றம் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் செய்தது. சட்டம் புதிது. மனமும் புதிதாக வேண்டும்.

முதலாவது, அனுமதிக்கு ஒரு கெடு வேண்டும். விசாரிக்கட்டும், போலீஸ் அறிக்கை கேட்கட்டும், தவறு இல்லை. ஆனால் இத்தனை நாளுக்குள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லிவிட வேண்டும். ‘இல்லை’ என்றால் காரணமும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மலை மாவட்டம், கடலோர மாவட்டம் ஒவ்வொன்றிலும் நல்ல நிலையில் ஒரு ரிப்பீட்டராவது இருக்க வேண்டும். பாட்டரிக்கும் இடிதாங்கிக்கும் ஆகும் செலவைப் பேரிடர் நிதியிலிருந்து கொடுக்கலாம். ஒரு ஜீப் வாங்கும் செலவு கூட ஆகாது.

மூன்றாவது, மாதம் ஒரு முறை ஒத்திகை வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் ஒரு ஹாம் உட்கார்ந்து, ஒவ்வொரு தாலுகாவையும் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு ஏரியல் கட்டுவது, தீப்பிடித்த பிறகு கிணறு வெட்டுவதற்குச் சமம்.

நான்காவது, பள்ளிக்கூடங்களில் ஹாம் மன்றங்கள் வேண்டும். 12 வயதுப் பிள்ளை தேர்வு எழுதலாம் என்று சட்டமே சொல்கிறது. பெற்றோர்களே! உங்கள் பையனோ பெண்ணோ கம்பியும் பாட்டரியுமாக உட்கார்ந்தால் திட்டாதீர்கள். உரிமம் வாங்கச் சொல்லுங்கள். முறையாகப் பேசப் பழக்குங்கள்.

ஐந்தாவது, தண்டனை. ரிப்பீட்டரை வேண்டும் என்றே அடைத்துக் கொள்பவன், ஆபாசம் பேசுபவன், பொய்யாக ‘ஆபத்து’ என்று கூவுபவன் ஆகியோருக்கு இரக்கம் காட்டக் கூடாது. உரிமத்தைப் பறிக்க வேண்டும். பொதுக் கிணற்றில் விஷம் கலப்பவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

ஹாம்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கார் விரைவாக அனுமதி தர வேண்டும் என்று கேட்கும் நீங்கள், சர்க்கார் நம்பும்படி நடக்க வேண்டும். பேசுமுன் கேளுங்கள். பேசிய பின் பொறுங்கள். நீங்கள் விடும் அந்த இரண்டு விநாடி இடைவெளியில்தான் ஓர் உயிர் உங்களைக் கூப்பிடும்.

கிணறு வெட்டுவது புண்ணியம் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். தாகம் எடுத்தவன் யார், எந்த ஊர் என்று வெட்டியவனுக்குத் தெரியாது. மலை மேல் ரிப்பீட்டர் வைப்பவனும் அப்படித்தான். யாருக்கு, எந்த இரவில் அது உதவும் என்று அவனுக்குத் தெரியாது.

தெரியாமலே வைக்கிறான். அந்தக் கையை வாழ்த்துவோம். தடுக்க வேண்டாம்!